மருந்து வைத்த மல்லிகை

எனக்குப் பொறாமை அதிகம். வயதானால் குறையும் என்றார்கள், குறையவில்லை. அது என்னை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்பதற்கு ஒரு மல்லிகைக் குச்சி சாட்சி.

மலாக்காவில், காஜா பேராங் பகுதியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே செம்பருத்தி வேலி. அந்தப் பக்கம் இருந்தவள் செட்டிப் பெண், என் வயதுதான். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்த குடும்பம். வீட்டில் பேசுவது மலாய்தான். ‘அண்ணே’, ‘அக்கா’வைத் தாண்டித் தமிழில் பத்து வார்த்தை தேறாது. ஆனால் எங்கள் வீட்டில் மறந்துபோன விரதமெல்லாம் அவளுக்கு நாள் தவறாமல் தெரியும். புருஷனுக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருவான். வெள்ளிக்கிழமைகளில் மலாய்க்காரிகள் போடுகிற கெபாயாச் சட்டை போட்டு, கொண்டையைச் சுற்றித் தன் வீட்டு மல்லிகையை வைத்துக்கொண்டு, துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு வருவாள். என் தலையில் கடைப் பூ, அதுவும் பாதி வாடியது. சாமி கும்பிடாமல் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்ற வெள்ளிக்கிழமைகள் நிறைய.

அவள் செடியிலேயே கிளை ஒடித்து மூன்று முறை நட்டேன். மூன்றும் பட்டுப்போயின. காலையில் எழுந்ததும் வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவைப்பேன்.

“தெனம் பிடுங்கினா எப்படி வேர் பிடிக்கும்? உன் கை சும்மாவே இருக்காதா?” என்று என் வீட்டுக்காரர் கத்துவார்.

அவருக்கு நகரசபைப் பூந்தோட்டத்தில் வேலை. மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. சாலையோரமெல்லாம் காகிதப்பூச் செடி வைக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது கையெல்லாம் மண்ணாக இருக்கும். என்னோடு பேசத் தெம்பு இருக்காது. ஆனால் வேலியோரம் நின்று அவளோடு பேச மட்டும் இருந்தது.

ஒரு நாள் மாலை துணி எடுக்கப் போனபோது என் காதில் விழுந்தது. அவர் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஊபாட் சிக்கிட் சாஜா. பாஞாக், மாத்தி.”

மருந்து கொஞ்சம்தான், அதிகமானால் சாவு.

அவள் குரலைத் தாழ்த்தினாள்: “தாவ், அண்ணே. டியா ஜாங்ஙான் தாவ்.”

தெரியும் அண்ணே, அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது.

என் கையிலிருந்த வேட்டி கீழே விழுந்தது. புருஷனுக்கு மருந்து வைத்து மயக்கிய கதைகளை நான் சின்ன வயதிலிருந்து கேட்டவள். மலாயில் ஊபாட் என்றாலும் அதே மருந்துதான், அதே சந்தேகம்தான். செத்தால் யார் சாவது என்று அந்தப் பாஷையில் சொல்ல வேண்டியதில்லை, ‘மாத்தி’ என்றால் போதும். அந்த ‘அவள்’ நான்தான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறாளே, அதுவும் நடிப்பு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதன் பிறகு அவள் கொடுத்தனுப்பிய பலகாரமெல்லாம் சாக்கடைக்குப் போனது. அவர் கலக்கிக் கொடுத்த காப்பியை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றினேன். ஒரு நாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் காகிதப் பொட்டலம். உள்ளே மாவு போல வெள்ளைத் தூள். முகர்ந்து பார்த்தேன், என்ன வாசனை என்று சொல்லத் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? மடித்து வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அவள் மார்க்கெட்டுக்குப் போன ஒரு காலையில் வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனேன். குசினிக்குப் பின்னால் நிழலில், ஓட்டை போட்ட பால் டின் ஒன்றில் ஒரு மல்லிகைக் குச்சி. மண்ணுக்கு மேலே தண்டில் அதே வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. தகடோ தாயத்தோ இதன் அடியில்தான் புதைத்திருக்கிறாள் என்று தோன்றியது. ஒரே இழுப்பில் பிடுங்கி, மண்ணைக் கொட்டி விரலால் துழாவினேன். தகடு இல்லை. வேர்தான் இருந்தது. கிழவர் தாடி மாதிரி வெள்ளை வெளேரென்று அத்தனை வேர். பாதி என் கையில் அறுந்து தொங்கியது.

நிமிர்ந்தால், கூடையோடு அவள் நிற்கிறாள்.

கோபப்படவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு, “இத்து லு புஞா,” என்றாள். இது உன்னுடையது.

மெதுவாக, எனக்குப் புரிகிற மலாயில் சொன்னாள். உன் வீட்டில் வைத்தால் பிடுங்கிப் பார்த்தே கொன்றுவிடுவாய் என்று அண்ணன்தான் இங்கே நட்டுவைக்கச் சொன்னார். வேர் நன்றாகப் பிடித்த பிறகு, சுதந்திரத்தன்று உன்னிடம் கொடுப்பதாக இருந்தார். மருந்து குச்சிக்கு, மனுஷனுக்கு இல்லை.

நான் ஓடிவந்துவிட்டேன். சாயந்திரம் அவர் வருவதற்குள் என்னென்னவோ பொய்களை யோசித்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் வேலைவிட்டு வந்ததும் அவளே வேலியோரம் வந்து டின்னைக் காட்டினாள்.

“குவா சாபுட், அண்ணே. மாவ் தெங்ஙோ ஆகார்.” வேரைப் பார்க்க ஆசைப்பட்டு நானே பிடுங்கிவிட்டேன் என்று சொன்னாள்.

அவர் முகம் கறுத்துப்போனது. வேலியை விட்டுத் திரும்பி வந்தார். படியில் உட்கார்ந்து என்னிடம் புலம்பினார்.

“தோட்டத்துல குச்சிக்குத் தொட்டு மிச்சமிருந்த தூள வெள்ளக்காரத் துரைகிட்ட கேட்டு வாங்கியாந்தேன். மருந்துன்னு சொன்னாலும் அது மருந்து இல்ல லா. செடி தனக்குள்ள தானே செஞ்சுக்கிற சாமான் மாதிரி. ஹார்மோன்னு சொல்றாரு துரை. நுனிக் கொழுந்துல ஊறி, தண்டு வழியா கீழ எறங்குமாம். குச்சிய வெட்டினா அடியில தேங்கி நிக்கும், அங்கதான் வேர் விடும். வேர் விடுறது, கெள வெடிக்கிறது, காய் பழுக்கிறது, எல உதிர்றது, சத்து எங்க போவணும்ங்கிறது, எல்லாத்துக்கும் இந்த மாதிரி ஒண்ணு உள்ளுக்குள்ள இருந்து சொல்லுதாம். தூளுல ஒரு சிட்டிக தொட்டா போதும். கூடிப்போச்சுன்னா கருகிரும். களையக் கொல்லவே இந்த வகைய அடிக்கிறாங்கன்னா பாத்துக்க.”

கை மண்ணைத் தட்டிக்கொண்டே, “ஒனக்குன்னு வச்சிருந்தேன். அவளும் ஒன்ன மாதிரியே பண்ணிட்டா,” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கிற தூரம்தான். அவளுக்குப் புரிய வேண்டும் என்றே ‘சாபார்’ என்ற மலாய் வார்த்தையைப் போட்டு, உரக்கச் சொன்னேன்: “சில பொம்பளைங்களுக்கு சாபாரே கெடையாதுங்க.”

பொறுமை. அது இல்லாதவள் அவளாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து துணியை மடித்தாள். அன்றிலிருந்து அவர் வேலியோரம் போவதை நிறுத்திவிட்டார். நான் ஆசைப்பட்டது அதற்குத்தானே, கிடைத்துவிட்டது. அவள் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முன்பு போலவே சிரித்தாள். காட்டிக்கொடுத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். காட்டிக்கொடுக்காத அந்த மனசு எனக்கு வரவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.