அம்மா பொட்டு வைத்த எங்கள் முதல் ஆல்பம்

எங்கள் ராக் இசைக்குழுவை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டது முதல் ஆல்பம் வந்த பிறகுதான். சென்னையிலும் பெங்களூரிலும் மேடை கிடைத்தது அதனால்தான். அதிலுள்ள ஒன்பது பாட்டையும் எழுதியது, பாடியது, கிட்டார் வாசித்தது நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அந்த ஒன்பது பாட்டும் ஒரு நாள் முழுக்க என் கையைவிட்டுப் போயிருந்தன, அதுவும் நான் சொன்ன ஒரு பொய்யால். அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

உழவர்கரையில் ஒரு வீட்டின் மாடி அறைதான் ஸ்டூடியோ. அதை நடத்திய அண்ணன் பகலில் கடை விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்வார், மிச்ச நேரத்தில் எங்களுக்கு. நான்கு மாதம் இழுத்து, ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கடைசிப் பாட்டை முடித்தோம். எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். விடுமுறை முடிந்ததும் அவர் ஒரு பக்திப் பாட்டு வேலையைத் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டரில் இடமில்லை.

“வீட்டுக்குப் போனதும் இன்னொரு காப்பி எடுத்துடும்மா. எடுத்துட்டுச் சொல்லு, நான் இங்க அழிச்சிட்றேன்” என்றார்.

சாயங்காலம் போன் செய்து கேட்டார். “எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேண்ணா.”

ஹார்ட் டிஸ்க் அப்போது கிட்டார் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்க ஆளில்லாமல், தானாகவே முடித்து வளர்ந்தவள். கணினி அறிவியலில் பட்டம் வாங்கியவளைப் போய் இதைக் கேட்பதா என்று சுருக்கென்றது. சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். தூங்கிவிட்டேன்.

மறுநாள் நான் தலைக்குக் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா பூஜையை முடித்து, கற்பூரமும் காட்டிவிட்டாள். அம்மாவுக்குத் தேங்காய்த்திட்டில் மீன் வியாபாரம். அப்பாவுக்கு, மில் மூடிய பிறகு, ஆட்டோ. சாமி படத்துக்கு முன்னால் அம்மாவின் அரிவாள்மனையும் தராசும், அப்பாவின் ஸ்பேனர்களும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. வருஷா வருஷம் அந்த வரிசையில் என் பாடப் புத்தகங்கள்தான் இருக்கும். இந்த வருஷம் புத்தகங்கள் இல்லை. என் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் காலடியில் ஹார்ட் டிஸ்க்.

கிட்டாரை அம்மா அதுவரை ‘கூத்து’ என்றுதான் சொல்வாள். அவளே அதைத் துடைத்து, பூ வைத்து, தொழில் சாமான்களோடு சேர்த்திருந்தாள். அப்புறம்தான் ஹார்ட் டிஸ்க்கைச் சரியாகப் பார்த்தேன். ஒயர் செருகும் துளையில் சந்தனம் வழிய வழிய அப்பியிருந்தது. அதன் மேல் ஈரக் குங்குமம்.

“எம்மா, இதுல ஏன் வெச்ச?”

“எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பா இருக்குதுடி. எது முன்பக்கம்னே தெரியல. இங்க மட்டும் வாய் மாதிரி இருந்துச்சு. நல்லா அழுத்தி வெச்சேன், உதிராது.”

நான் கையை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டாள்.

“சாமிகிட்ட வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். படிச்ச புள்ள, இது தெரியாதா?”

“நானே வண்டிய எடுக்கல. உனக்கு இன்னா அவசரம்?” என்றார் அப்பா, பொரியை மென்றுகொண்டே.

பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் காரணம் சொல்ல வேண்டும். நீ வைத்த பொட்டால் என் நாலு மாத வேலை போயிற்று என்று, என் வேலையை முதல் தடவையாக வேலை என்று ஒப்புக்கொண்டவளிடம் எப்படிச் சொல்வது? ஸ்டூடியோ அண்ணனுக்குப் போன் செய்தால் பொய் வெளிவந்துவிடும். அன்று முழுக்க அந்தச் சந்தனம் காய்ந்து இறுகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் எடுத்து ஊசியால் சுரண்டினேன். துளைக்குள் இருந்த சின்னத் தகடு ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கடைசியில் படியேறியதும் உள்ளதைச் சொன்னேன்.

“அண்ணா, நான் காப்பி எடுக்கல. பொய் சொன்னேன்.”

“அடிப்பாவி, நான் அழிச்சிட்டேனே.”

ஹார்ட் டிஸ்க்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். “சந்தனமா?”

நடந்ததைச் சொன்னேன். அவர் திருப்புளியை எடுத்து ஓரமாக நெம்பினார். கறுப்பு மேல்பெட்டி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே தகரம் போல இன்னொரு பெட்டி, சுத்தமாக இருந்தது.

“இது கடையில வாங்குனது இல்லம்மா. பழைய லேப்டாப்ல இருந்து கழட்டி நானே இந்தப் பெட்டியில போட்டது. உங்கம்மா சட்டைக்குத்தான் பொட்டு வெச்சிருக்காங்க. உடம்புக்குப் போயிருக்காதுன்னு நெனைக்கிறேன்.”

இழுப்பறையில் துழாவி வேறொரு காலிப் பெட்டியை எடுத்து, டிஸ்க்கை அதில் பொருத்தினார். ஒயரைச் செருகினார். நீல விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுழலும் சத்தம் மெதுவாகக் கேட்டது. திரையில் ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரைக்கும் பாட்டுகள் வரிசையாக வந்து நின்றன.

நான் ஒன்பதையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

“கம்ப்யூட்டர் சயின்ஸாம்” என்று அவர் ஆரம்பித்தார். முடிக்க முடியாமல் சிரித்தார். பிறகு, நான் கேட்காமலே, இரண்டு காப்பி எடுக்கத் தொடங்கினார். அது முடியும்வரை முதல் பாட்டிலிருந்து போட்டுவிட்டார். நாலு மாதமாக என் குரலில் பிசிறு எங்கே என்று மட்டும்தான் தேடிக் கேட்டிருந்தேன். அன்று எதையும் தேடவில்லை. பாட்டு இருந்தது, போதும்.

ஐந்தாவது பாட்டின்போது அம்மா போன் செய்தாள்.

“இன்னாடி, காலையில பேயறைஞ்ச மாதிரி ஓடுன?”

அவளிடமும் சொல்லிவிட்டேன், ஒன்றும் விடாமல்.

“நேத்தே சொல்லியிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. உன் சோத்துல மண்ணப் போடவா நான் சாமி கும்புட்றேன்?” என்றாள். பிறகு, “பின்னால கேக்குதே, அது நீயா பாட்ற?”

“ஆமாம்மா.”

“போன அதுகிட்டயே வையி” என்றாள்.

ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.