லம்பாக் மலையில் மழைக்கு முன்

இன்று மாலை பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைப் பேருந்துக்காக நின்றிருந்தோம். சூடான தார்ச்சாலையில் முதல் துளிகள் விழுந்து, அந்த வாசனை எழுந்தது. எல்லாரும் கூரைக்கு ஓடினார்கள். நான் மட்டும் பழைய நினைவில் நின்றுவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் மாமா, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு என்னையும் அக்காவையும் குளுவாங் லம்பாக் மலைக்கு அழைத்துப்போனார். உச்சியை நெருங்கும்போது, கீழே செம்பனைகளை மறைத்தபடி மழை வெள்ளையாக வருவது தெரிந்தது.

"மேல பொண்டோக் இருக்கு. மழைக்கு முன்ன ஏறுங்கடா!" என்று மாமா கத்தினார்.

வேர்களைப் பிடித்துக்கொண்டு நாலு காலில் ஏறினோம். தலைக்கு மேலேயே இடி இடித்தது. மழை வருவதற்குள் என் காக்கிக் கால்சட்டை நனைந்துவிட்டது.

மற்றவர்கள் பொண்டோக் குடிலுக்குள் ஓடினார்கள். நான் பாறைக்குப் பின்னால் நின்று, மழை சீக்கிரம் வர வேண்டுமென்று சாமியைக் கும்பிட்டேன்.

"அலமாக், ஐயோ! உள்ள வாடா! பெரிய வீரனா நீ?" என்றார் மாமா. பையன்கள் சிரித்தார்கள்.

என் அக்கா வெளியே வந்தாள். கால்சட்டையைப் பார்த்தாள். ஏறும்போது குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் தலையில் கவிழ்த்தாள்.

"என்னாடி பண்ற?"

"சும்மா விளையாட்டு மாமா" என்று சொல்லி என்னை உள்ளே தள்ளினாள்.

"அண்ணே, நனையிறீங்க லா!" என்று பேருந்து நிறுத்தக் கூரையடியிலிருந்து, என்னோடு வேலை செய்யும் ஒரு பையன் கத்தினான். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

அக்கா இப்போது கூலாயில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். அதைச் சொல்லி அவள் ஒருநாளும் என்னைக் கேலி செய்ததில்லை. செய்திருந்தால், இத்தனை வருடத்தில் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.