மேஜர் சார் வீட்டுக்கே வந்த ஆபீஸ்

ஹைதராபாத்தில் கம்ப்யூட்டரோடு போனில் பேசிய முதல் தமிழன் நான்தான். கடைசியாக ஊருக்குப் போனபோது திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இப்படித்தான் அளந்துவிட்டேன். பொய். பேசியது கம்ப்யூட்டர். போன் அடித்தால் எடுப்பேன், உள்ளே விசில் கேட்டால் ரிசீவரை இரண்டு ரப்பர் காது வைத்த பெட்டியில் அழுத்துவேன், அவ்வளவுதான் என் வேலை. அதற்குப் படிப்பு வேண்டாம், கட்டைவிரல் போதும். மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைகழுவிக்கொண்டதால் என்னிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

விசில் அடிப்பது எங்கள் மேனேஜர் மேஜர் சாரின் வீட்டு மெஷின். பட்டாளத்தில் இருந்துவிட்டு எங்கள் கவர்மென்ட் தொழிற்சாலைக்கு வந்தவர், சைனிக்புரியில் பங்களா. மௌலா அலியில் எங்கள் தொழிற்சாலை ஏசி ரூமில் பூட்டி வைத்திருக்கிற கம்ப்யூட்டரின் ஃபைல்களை அவர் வீட்டு ஹாலில் அரை டிராயரோடு உட்கார்ந்து பார்க்கலாம். போன் வழியாக அவர் கம்ப்யூட்டருக்குள் வந்ததும் எங்கள் ரூம் திரையில் அவர் பெயர் விழும். பெயர் விழுந்தால் சார் டியூட்டியில் இருக்கிறார் என்று கணக்கு. ஆள் வராமல் பெயர் மட்டும் வேலைக்கு வரும். எனக்கு நேர் எதிர். ஆள் தினமும் போகிறேன், பெயர்தான் யாருக்கும் தெரியாது. ஆரோக்கியம் என்று ஞானஸ்நானம் கொடுத்த பெயர் ஊரோடு நின்றுவிட்டது. இங்கே நான் 'ஏ மதராசி'.

இந்தக் கூத்துக்குத் தனி லைன் கேட்டு எழுதிப் போட்டார்கள். புது டெலிபோன் கேட்டால் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் எங்கள் ரூமில் இருந்த ஒரே போனில் பெட்டியை மாட்டிவிட்டார்கள். வயிறு எரிந்தது அங்கேதான்.

அது வெறும் ஆபீஸ் போன் இல்லை. குவார்ட்டர்ஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அத்தனை பேரும் ஊரில் கொடுத்து வைத்திருந்த நம்பர் அது. ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, எங்கே என்ன நடந்தாலும் டிரங்க் கால் அந்த ரூமுக்குத்தான் வரும். கேட்டு, சைக்கிளில் போய்ச் சொல்வது நான். பிள்ளை பிறந்தது, நிச்சயமானது என்றால் தெருமுனையிலிருந்தே பெல் அடித்துக்கொண்டு போவேன். கெட்ட சேதி என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். நானாக ஆரம்பித்த பழக்கம், அதுவே சட்டமாகிவிட்டது. ஒருநாள் டயர் பஞ்சராகி, பாவி நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். முதல் வீட்டு மரியம்மா என்னைப் பார்த்ததும் வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது. அடுத்தடுத்த வீட்டுப் பெண்களும் யார் வீட்டு எழவு என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள். தெலுங்குக்காரர்கள் வெளியே வந்து எவர் போயினாரு என்று கேட்கிறார்கள். டியூப்தான் போயிடுச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த லைனைத்தான் சார் எடுத்துக்கொண்டார். முதலில் சாயங்காலம் மட்டும், பிறகு மத்தியானத்திலிருந்தே. வீட்டிலிருந்து இணைப்புப் பிடிக்கப் பத்துத் தடவை சுழற்ற வேண்டியிருக்கிறதாம். பிடித்ததை விடமாட்டார். இணைப்பில் இருக்கும்போது யாராவது ரிசீவரைத் தொட்டால் வேலை போய்விடும் என்று உத்தரவும் போட்டார்.

அந்தச் சமயத்தில் எங்கள் அக்கா திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு போட்டு ஆளாக்கினது அக்காதான். ஏதாவது ஆச்சுன்னா உடனே கூப்பிடறேன், சாயங்கால ரயிலைப் பிடிச்சா முகம் பாத்துடலாம் என்று மாமா சொல்லியிருந்தார். மறுநாள் அடக்கம் செய்துவிடுகிற ஜனம் நாங்கள். தூரத்தில் பிழைக்கிறவனுக்கு அந்த ஒரு ரயில்தான்.

சார் ஆபீசுக்கு வந்த ஒரு காலையில், சாயங்காலம் கொஞ்சம் போனை விடுங்க என்று எனக்குத் தெரிந்த தக்கனி உருதில் கேட்டேன். எனக்கு வேலை அதிகமாகிவிட்டது என்று புலம்புவதாக அவர் எடுத்துக்கொண்டார். தோளில் தட்டி, எல்லாத்தையும் நானே வீட்டிலிருந்து பார்த்துக்கறேன், நீ ஆராமா இரு என்றார். நானும் ஹவ் சாப், சரிங்க சார் என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். அந்தப் பல்லை உடைக்கணும் போல இருந்தது. என் பல்லைத்தான்.

ஒருநாள் மத்தியானம் சாரின் பெயர் விழுந்தது. சாயங்காலம் வரைக்கும் திரையில் ஒரு எழுத்தும் நகரவில்லை. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் லட்சுமி மேடத்திடம் கேட்டேன். சார் ஒன்றும் அடிக்கவில்லை, சும்மா இருக்கிறார் என்றது. அப்ப வெட்டிவிடுங்க என்றேன். ஆர்டர் இல்லாமல் முடியாது, எனக்கும் பிள்ளைகள் இருக்கு என்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சைனிக்புரிக்கு மிதித்தேன்.

கதவைத் திறந்தது சாரின் சம்சாரம்.

"சாப் வீட்ல இருக்காரா அம்மா?"

"இல்லையே, ஆபீஸ்ல இருக்கார்."

"நான் ஆபீஸ்லேருந்துதான் வரேன். அங்க இல்லை."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டியது. மெஷினுக்கு நூலில் பின்னிய துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ரப்பர் காதுக்குள் ரிசீவர் கிடந்தது. "இது ஆபீஸ் இல்லாம என்ன?" என்றது. சார் கிளப்புக்குச் சீட்டாடப் போயிருக்கிறாராம்.

மெஷினைக் காட்டிய பெருமையில் எனக்குத் தண்ணீர் கொண்டுவர அந்த அம்மா உள்ளே போனது. நான் ரிசீவரைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். எங்கள் ஆபீஸ் கீச்சென்று கத்தியது. போனில் வைத்து அறைந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே போன் அடித்தது, பழக்கத்தில் நானே எடுத்துவிட்டேன். லட்சுமி மேடம். லைன் அறுந்ததைச் சாருக்குச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறது. என் குரல் கேட்டதும் பயந்துபோனது.

"ஆரோக்கியம், நீயா? இங்க லைன் விட்டதும் உங்க மாமா போன்ல வந்தார். மத்தியானத்துலேருந்து லைன் கிடைக்காம எக்ஸ்சேஞ்சுல உட்காந்திருக்காராம். உங்க அக்கா போயி..."

இத்தனை வருஷத்தில் லட்சுமி மேடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் போய்விட்டிருந்தது. அடுத்ததில் போய் இறங்கினபோது கல்லறைத் தோட்டத்தில் மண் மேடு போட்டு ரோஜாமாலை சாத்தியிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்தால் மேஜையில் மெமோ. அதிகாரி வீட்டில் புகுந்து அரசாங்க ஃபைலைச் சேதப்படுத்தினேனாம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று ஆபீசர்கள், நடுவில் மேஜர் சார். எந்த ஃபைல் சார் கெட்டுப்போச்சு, பெயரைச் சொல்லுங்க என்று கேட்டேன். மெமோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த மேஜர் எழுந்து என்னைப் பார்த்துச் சொன்னார் பாருங்கள்...

இருங்கள், லட்சுமி மேடம் கூப்பிடுகிறது. வேலையும் போகவில்லை, தனி லைனும் வரவில்லை, அதே போன்தான் அடிக்கிறது. விசில் கேட்டால் பெட்டியில் வைக்க வேண்டும், தமிழ் கேட்டால் சைக்கிளை எடுக்க வேண்டும். எடுத்துக் காதில் வைக்கிற வரைக்கும் நான் எந்த ஊர் ஆள் என்று எனக்கே தெரியாது.