ஆட்டின் ஒன்பது, உள்ளே வாங்க

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலில் நின்று நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவருடைய உத்தியோகம். அங்கே எல்லோருக்கும் அவர் டோக்கன். கோபம் வந்தால் வீட்டில் மனைவிக்கும் டோக்கன்தான்.

வைத்தியம் அவருக்குத் துளியும் தெரியாது. காத்திருப்பவர்களைக் கோபப்படாமல் காத்திருக்க வைப்பது ஒன்றுதான் அவர் கற்ற வித்தை. வரிசையின் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு நடை நடந்து, ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக, "அடுத்தது நீங்கதான்" என்பார். அத்தனை பேரும் நம்புவார்கள். நேற்று நம்பி ஏமாந்தவர்கள் இன்றும் வந்து நம்புவார்கள். அப்படி ஒரு முகம்.

ஓய்வு பெற்ற பிறகு கூப்பிட ஆள் இல்லாமல் தவித்துப் போனார். காலையில் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "அடுத்து யாரு?" என்று குரல் கொடுப்பார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். மனைவி உள்ளே இருப்பாள். மகள் அவருக்கு எதிரில் துண்டோடு நிற்பாள்.

"அப்பா, நான் உங்க கண்ணு முன்னாடிதான் நிக்கிறேன்."

"தெரியுதும்மா. இருந்தாலும் கூப்பிட்டாத்தானே ஒரு ஒழுங்கு?"

மகள் கார் விற்கிற கம்பெனி ஒன்றில் சர்வீஸ் வரவேற்பில் இருந்தாள். வண்டியில் என்ன கோளாறு என்று சொந்தக்காரர் புலம்புவதைக் கேட்டு, மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுக்கிற வேலை. கம்பெனியின் ஷோரூம் நகரத்தின் நடுவில், பெரிய சாலைகள் வந்து கூடுகிற இடத்தில் இருந்தது. வீடோ ஊர்க்கோடியில். தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய், நசுங்கித் திரும்புவாள். ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்துவிட்டால் இந்த ஜன்மத்துக்கு வேறொன்றும் வேண்டாம் என்பாள்.

இதற்கிடையில் நகரத்தில் மனை விலை எகிறிக்கொண்டே போனது. இத்தனை விலை போகிற மண்ணில் வீடு கட்டாமல் வண்டியை நிறுத்தி வைப்பது தங்கத் தட்டில் செருப்பை வைத்த மாதிரி என்று கம்பெனி முதலாளிக்கு யாரோ எடுத்துச் சொன்னார்கள். அவர் இடத்தைக் கட்டடக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பைபாஸ் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பொட்டலாகக் கிடந்த நிலத்துக்கு ஷோரூமைக் கொண்டுபோனார். அதே சாலையில் கடை வைத்திருந்த மற்ற கார் கம்பெனிகளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போயின.

பழைய இடத்தில் அடுக்குமாடி எழுந்தது. கட்டடக்காரர் சிக்கனமான ஆசாமி. ஷோரூமின் வளைந்த கண்ணாடி முகப்பை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலையில் குடியிருப்பைக் கட்டினார். வாசலில் கம்பெனிச் சின்னம் சுற்றிக்கொண்டிருந்த உயரமான கம்பமும் தப்பியது. கட்டடத்துக்கு 'ஷோரூம் ரெசிடென்சி' என்று பெயர் வைத்து, அதையும் பெரிய எழுத்தில் விளக்குப் போட்டு எரியவிட்டார்.

டோக்கனுக்கு முழங்கால் வலி. தரைத்தளத்தில் வீடு தேடினார்கள். தேடித் தேடிக் கிடைத்தது அங்கேதான். கண்ணாடி முகப்புக்கு நேர் பின்னால் இருந்த வீடு. வீட்டைப் பார்த்த மகள் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"இந்த அடுப்பு மேடை இருக்கே, இங்கதான்பா என் மேஜை இருந்துச்சு. ஆபீஸ் பக்கத்துல வீடு வேணும்னு கேட்டேன். வீடு ஆபீஸ் இருந்த இடத்துக்கே வந்துடுச்சு. ஆபீஸ்தான் ஓடிப்போச்சு."

குடிவந்த வாரத்திலேயே அது நடந்தது. மகள் பைபாஸுக்கு பஸ் ஏறிப் போய்விட்டாள். மனைவி சமையலறையில் இருந்தாள். மணி அடித்ததும் டோக்கன் கதவைத் திறந்தார். டை கட்டிய வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் அவர் கையில் ஒரு சாவியைத் திணித்தார்.

"அதே சத்தம் மறுபடியும் வருது. நல்லாப் பாருங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

"சார், இது வந்து..."

சார் டாக்ஸியில் ஏறிப் போயே போய்விட்டார். டோக்கன் தன் வாழ்நாளில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. சாவியை வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார். வண்டி குடியிருப்பின் வாசலுக்குக் குறுக்கே நின்றது. கொஞ்ச நேரத்தில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கழுத்தில் விசிலோடு வந்துவிட்டார். வாகனங்களை ஒழுங்குபடுத்த யாரும் கேட்காமலே அவராக வாங்கி மாட்டிக்கொண்ட விசில் அது.

"யாருதுய்யா இந்த வண்டி?"

டோக்கனின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "பேஷண்ட்டோடது."

செயலாளர் விசிலை ஊதிப் பார்த்தார். வண்டி நகரவில்லை. அன்று அவர் நடந்தேதான் எங்கேயோ போனார்.

சாயங்காலம் வழுக்கைத்தலைக்காரர் வந்து வண்டியைக் கிளப்பினார். சத்தம் இல்லை. முன்னே எடுத்தார், பின்னே எடுத்தார். சத்தம் இல்லவே இல்லை. இறங்கி ஓடிவந்து டோக்கனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அங்க இங்க காட்டியும் சரியாகலை. நீங்க என்ன பண்ணீங்க?"

டோக்கன் உள்ளதைச் சொன்னார். "ஒண்ணும் பண்ணலைங்க. ரெஸ்ட்ல வெச்சோம்."

அந்த மனிதர் சும்மா போகவில்லை. செல்போன் வரைபடத்தில் அந்த இடம் இன்னும் சர்வீஸ் சென்டர் என்றுதான் இருந்தது. அதில் 'கைராசியான மனிதர்' என்று எழுதி, இருக்கிற நட்சத்திரத்தையெல்லாம் கொட்டிவிட்டார்.

பிறகு கேட்க வேண்டுமா? காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வண்டிகள். பழைய வாடிக்கைக்காரர்கள், நட்சத்திரத்தைப் பார்த்து வந்த புதியவர்கள் என்று கண்ணாடி முகப்புக்கு முன்னால் நாலைந்து பேர் எப்போதும் நின்றார்கள். முதல் இரண்டு நாள் டோக்கன் உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பத்தான் பார்த்தார். மூன்றாம் நாள் அவர்களுக்குள் யார் முதலில் வந்தது என்று சண்டை மூண்டது. வரிசைக்காக மனிதர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. உள்ளே போய் அலமாரியைத் துழாவினார். சீட்டுக்கட்டு அகப்பட்டது. ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்து, ஹாலில் உட்கார வைத்தார்.

"கிளாவர் ராணி! கிளாவர் ராணி யாரும்மா?"

முறுக்கு மீசையும் மலைபோல் தோளுமாக ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தார். "நான்தாங்க."

விசாரணை சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு நடந்தது. வண்டியை அவர் தொடமாட்டார், எட்டியும் பார்க்கமாட்டார். ஆஸ்பத்திரியில் கதவு வழியாகக் காதில் விழுந்த கேள்விகளை வைத்துக்கொண்டு சமாளித்தார்.

"என்ன பண்ணுது?"

"காலையில கிளப்பும்போது இருமுதுங்க."

"சளியா, வறட்டு இருமலா?"

மீசைக்காரர் ஆழ்ந்து யோசித்தார். "வறட்டு இருமல் மாதிரிதான் இருக்கு."

"ராத்திரி எங்க படுக்குது?"

"தெருவிலதான் நிறுத்தறேன்."

"பனியில போட்டுட்டு இருமுதுன்னா? நல்லா இழுத்துப் போர்த்தி விடுங்க. அப்புறமும் கேக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பைபாஸ்ல இருக்கு. வரவேற்புல என் பொண்ணு இருப்பா. இந்தச் சீட்டைக் காட்டுங்க."

மனைவி முதலில் குதித்தாள். "ஏங்க, இது வீடா, கார் ஷெட்டா? ஊரான் எல்லாம் சோபாவுல உக்காந்திருக்கான்!"

ஆனால் அவள் பார்க்கிற தொலைக்காட்சித் தொடர் ஓடுகிற நேரத்தில்தான் கூட்டம் அதிகம். தொடரில் அந்தப் பெரிய மருமகள் ஏன் அழுகிறாள் என்று ஒருவர் கேட்கப் போக, அவள் ஆரம்பத்திலிருந்து கதையைச் சொன்னாள். வீட்டில் இத்தனை வருஷமாக அதைக் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடையாது. அன்றிலிருந்து எல்லோருக்கும் டீ வந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லாத இரண்டு பேர் கதை கேட்கவே வந்து சீட்டு வாங்கினார்கள்.

பைபாஸில் மகளுக்கு இது எதுவும் தெரியாது. புது ஷோரூமில் காற்றுதான் உள்ளே வந்து போனது. எப்போதாவது ஒரு ஆள் நுழைந்தால், அவருக்கு வணக்கம் சொல்ல விற்பனைப் பையன்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். பாதி நேரம் அவர் வழி கேட்க வந்தவராக இருப்பார். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒருவர் நேராக அவளிடம் வந்து மேஜைமேல் ஒரு சீட்டைப் போட்டார். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஒன்பது.

"டவுன் கிளையில பெரியவர் பார்த்துட்டார். வயித்துல கோளாறா இருக்கலாம்னு இங்க அனுப்பினார்."

"எங்களுக்கு டவுன்ல கிளையே இல்லையே சார்."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? டீகூடக் குடிச்சேனே!"

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மயில் படம். போன ஞாயிற்றுக்கிழமை இதே ஆட்டின் ஒன்பதுக்காகக் காத்திருந்துதான் அவள் அம்மாவிடம் தோற்றிருந்தாள். அன்று மாலைக்குள் இஸ்பேட் நாலும் டைமண்ட் ராஜாவும் வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள். "அப்பா, நம்ம வீட்டுல என்ன நடக்குது?"

"ஓ.பி. நடக்குதும்மா."

"காரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில மட்டும் எனக்கு என்ன தெரிஞ்சுது?"

"எதையாவது திறந்து கிறந்து பார்த்தீங்களா?"

"சேச்சே! கையே வைக்கமாட்டேன். என்ன பண்ணுதுன்னு கேப்பேன். அவங்க சொல்லுவாங்க. சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் தெளிஞ்சிடுதும்மா."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டு, நாளைக்கே அந்த வரைபடத்தை மாற்றச் சொல்லப் போவதாக அறிவித்தாள். மறுநாள் காலையில் டோக்கன் குளியலறை வாசலில் யாரையும் கூப்பிடாமல், பேசாமல் போய்க் குளித்துவிட்டு வந்தார். மகளுக்கு அது என்னவோ செய்தது. ஆனாலும் கோபத்தை விடாமல் பஸ் ஏறினாள்.

அன்றைக்குப் பார்த்து அவர் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தது செயலாளர். சங்க விதிகளைக் காட்டிச் சண்டை போட்டு எல்லோரையும் துரத்துவதாக மாடியிலிருந்தே சபதம் போட்டுக்கொண்டு இறங்கியிருந்தார். டோக்கன் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, காதோரம் குனிந்து, "அடுத்தது நீங்கதான்" என்றார். செயலாளர் உட்கார்ந்தார். தொடர் ஆரம்பித்தது. சற்று நேரத்தில் அவர், "அப்போ அந்த நகையை எடுத்தது சின்னவளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தவர் ஷோரூம் மேனேஜர். புது இடத்துக்கு ஒரு நட்சத்திரம்கூட விழாதபோது, இல்லாத கிளைக்கு இத்தனை நட்சத்திரம் எப்படி என்று பார்க்கக் கோட்டும் சூட்டுமாக நேரிலேயே வந்துவிட்டார். சீட்டுக்கட்டில் மிச்சம் ஒரு சீட்டுதான் இருந்தது.

"ஜோக்கர்! ஜோக்கர் உள்ளே வாங்க!"

மேனேஜர் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"உக்காருங்க. என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலை. நான் மேனேஜர்."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"தூக்கம் வருதா?"

திட்டித் தீர்க்க வந்த மேனேஜர் ஸ்டூலில் அப்படியே தளர்ந்துபோனார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. தூக்கமே இல்லை என்றார். அவ்வளவு பெரிய ஷோரூமில் தன் காலடிச் சத்தம் தனக்கே பயமாக இருக்கிறது என்றார். அத்தனை தூரம் யார் வருவார்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், முதலாளி கேட்கவில்லை என்றார். டோக்கன் நடுநடுவே "உம்" கொட்டினார். பேசி முடித்தபோது மேனேஜரின் முகம் தெளிந்திருந்தது. டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு பண்ணுவோம். வண்டியை வாங்கறதும் பேசறதும் இங்கேயே நடக்கட்டும். பைபாஸுக்கு எடுத்துட்டுப் போக டிரைவரை அனுப்பறேன். உங்களுக்கு வேலை தரேன்."

"வாசல்ல ஒரு வண்டியும் நிக்கக் கூடாது!" என்று ஹாலிலிருந்து செயலாளரின் குரல் மட்டும் வந்தது. கண் திரையில்தான் இருந்தது. குடியிருப்புக்காரர்களின் வண்டிகளை வாராவாரம் இலவசமாகக் கழுவித் தருவதாக மேனேஜர் சொன்னதும், வாட்ச்மேன் அறையில் பாதியைத் தரச் செயலாளர் சம்மதித்தார். வண்டிகளை விசில் ஊதி உள்ளே விடுவது தன் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டார். யாரும் மறுக்கவில்லை.

டோக்கனுக்குக் கம்பெனிச் சட்டை வந்தது. எண் அச்சடித்துத் தள்ளுகிற இயந்திரமும் ஒன்று வந்தது. அதன் தலை தட்டையாக இருந்ததால் டீ ஃபிளாஸ்க் வைக்க வசதியாகப் போயிற்று. மகளுக்கு 'டவுன் கிளை மேற்பார்வை' என்று பதவி உயர்வு கிடைத்தது. மேற்பார்வை பார்க்க இருந்த ஒரே ஆள் அப்பாதான். வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடை தூரம்கூட இல்லை, ஜன்னல் தூரம். அவளுடைய ஆசை ஒரு வழியாக நிறைவேறியது.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அவர் மகளிடம் வந்து நின்றார்.

"நாளைக்கு லீவு வேணும்மா."

"இப்பத்தானேப்பா சேர்ந்தீங்க?"

"உத்தியோகம்னா லீவும் சேர்ந்ததுதான். உங்கம்மா தொடர் நாளையோட முடியுதாம். துணைக்கு உக்காரச் சொல்றா."

வாட்ச்மேனை ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மகள் லீவு கொடுத்தாள். வாட்ச்மேன் நல்ல மனிதர். ஆனால் வண்டியைத் திருப்பிக் கொடுக்க இப்போதும் அதே சீட்டுதான் அடையாளம்; அவரோ இஸ்பேடுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாதவர். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஏழு. அன்று சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஒரு பல் டாக்டரின் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பல் டாக்டர் டீச்சரின் வண்டியில் போனார். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே ஜாடை. மறுநாள் மகள் இரண்டு பேருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்கப் போனால், வண்டி இவ்வளவு அருமையாக ஓடி வருஷக்கணக்காகிறது என்று டீச்சர் நன்றி சொன்னார். பல் டாக்டரோ, பின்சீட்டில் ஒரு கட்டு விடைத்தாள் இருக்கிறது, இதையும் சர்வீஸோடு சேர்த்துத் தருகிறீர்களா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு டோக்கனுக்கு லீவே கிடைக்கவில்லை. தான் இல்லாவிட்டால் ஆபீஸ் ஒரு நாள்கூட ஓடாது என்று வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் மறுத்துப் பேசுவதில்லை.