பூனைக்குக் கிடைத்த பாறை

அறிவியல் டீச்சர் வேலையில் ஒரு தொல்லை உண்டு. வகுப்பில் எதைச் சொன்னாலும், நம் வயிறு எரியும்படி பதில் சொல்ல ஒருவர் தயாராக இருப்பார். என்னைப் போலவே சாக்பீஸ் தூளைச் சுவாசித்தே காலம் தள்ளிய ஆசிரியர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் காரைக்கால் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் சிறுகோள்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் பாறைகள்தான், அவை ஒரு பாவமும் செய்யவில்லை. அவற்றுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று பத்தாம் வகுப்பில் சொல்லப்போனது என் தப்பு.

தானிய தெய்வம்

கண்டுபிடித்தவர்தான் பெயர் சொல்லலாம் என்பது வழக்கம். முதல் சிறுகோளுக்கு சீரிஸ் என்று வைத்தார்கள், ரோமாபுரியின் தானிய தெய்வம். பிறகு வந்தவற்றுக்கும் வரிசையாக அவர்கள் தெய்வங்களே. நம் சென்னையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரர் சிலவற்றைக் கண்டுபிடித்தார். அவற்றிலும் நம் ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. தின்ற சோறு நம்முடையது, பெயர் மட்டும் அவர்களுடையதா என்று நான் வகுப்பிலேயே பொரிந்து தள்ளினேன்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் முடிகிற கடமடையான நெரவிப் பக்கம் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. அங்கிருந்து வரும் விவசாயி மகன் ஒருவன் எழுந்து நின்றான். என் கோபத்தைவிட அவன் கோபம் பெரிது.

"அந்த சீரிஸ் அம்மா கடமடைக்குத் தண்ணி வுடுமா டீச்சர்?"

மனைவி பெயர்

தெய்வங்கள் தீர்ந்துபோனதும் அறிஞர்கள் மனைவி, மகள், பண உதவி செய்த சீமாட்டி என்று வைக்க ஆரம்பித்தார்கள். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். சரித்திர வாத்தியார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சிரித்தார். அந்த டப்பாவை விடியலில் எழுந்து கட்டிக் கொடுக்கும் அவர் மனைவியின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் வாயில் வந்ததே இல்லை. அந்த அம்மாள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார், அது ஊர் வழக்கம். இவருக்கு என்ன வந்தது? கேட்டேவிட்டேன். மீன் முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"பேரு எதுக்கு டீச்சர், ஏய்னா திரும்பிப் பாத்துரும்."

பூனை

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது பூனை விஷயத்தில்தான். ஓர் அறிஞர் தன் செல்லப் பூனையின் பெயரை ஒரு சிறுகோளுக்கு வைத்துவிட்டார் என்று பத்திரிகையில் படித்தேன். இனி வளர்ப்புப் பிராணிகளின் பெயர் வேண்டாம் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்களாம். ஆனாலும் பூனைக்குப் பாறை கிடைத்தது கிடைத்ததுதான்.

அதே வாரம் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரானது. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் குப்பம்மாள், கருக்களாச்சேரியில் மீன் விற்கிற அம்மாளின் மகள். பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து இப்படிப் பெயர் வைப்பார்கள். வேண்டாத பண்டம் என்று எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்பது கணக்கு. தலைமையாசிரியர் அந்தப் பெயரை அடித்துவிட்டு, தானாகவே சுகன்யா என்று எழுதிவிட்டார். அந்தப் பெண்ணையும் கேட்கவில்லை, பெற்றவளையும் கேட்கவில்லை. சான்றிதழில் ஏறினால் அதுதான் ஆயுசுக்கும் அவள் பெயர். பூனையின் பெயர் வானத்தில் இருக்கலாம், ஒரு பிள்ளையின் பெயர் சான்றிதழில் இருக்கக்கூடாதா என்று தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"நாளைக்கு அது பரிசு வாங்குறப்ப குப்பம்மான்னு மைக்குல கூப்பிட முடியுமா, நீங்களே சொல்லுங்க."

குப்பம்மாளின் அம்மா

விஷயம் தெரிந்து மறுநாள் அந்த அம்மாள் மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நேரே உள்ளே வந்தார். தலைமையாசிரியர் என்னையும் கூப்பிட்டார். "ஏம்மா, கல்லுக்குக்கூட அழகா பேரு வைக்கிறாங்க, டீச்சரையே கேளு" என்றார். என்னைச் சாட்சிக்கு இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். கண்ணில் பட்டவுடன் பெயர் வைப்பதில்லை, முதலில் ஒரு தற்காலிகக் குறியீடுதான். சில பாறைகள் ஒருமுறை தெரிந்துவிட்டு அப்புறம் தொலைந்தே போகும். இனி தொலையாது, அதன் பாதை இதுதான் என்று உறுதியான பிறகுதான் பெயர்.

அந்த அம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மொத ரெண்டு புள்ளைக்கும் அழகான பேருதாங்க வச்சோம், ரெண்டும் தங்கல. இது தங்கியிருக்கு. இது பேருல கை வைக்காதீங்க."

சுகன்யாவை அடித்துவிட்டுப் பழைய பெயரையே எழுதினார் தலைமையாசிரியர். வானத்துக்குப் பெயர் வைக்கிறவர்களும், தொலைந்துபோகக் கூடாத பாறை ஒன்று அகப்பட்டால், பூனையை விட்டுவிட்டுக் கருக்களாச்சேரிக்கு வந்து அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.