பெயர் போடாத பேட்டி

பிளஸ் டூ முடித்ததும் எனக்குக் கல்யாணம். மகளுக்கு மூன்று வயதான பிறகுதான் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். சேரவைத்தது எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். பகலில் என் மகள் இருப்பது அவரிடம்தான். டிகிரி இருந்தால் பதவி உயர்வுக்கு உதவும் என்று அவர் சேர்ந்தார். தனியாகப் போகப் பிடிக்காமல் என்னையும் இழுத்தார். "நீ வா புள்ள, உங்க மாமியார்கிட்ட நான் பேசறேன்." பேசவும் செய்தார். டீச்சரம்மா கூட வருகிறார் என்பதற்காகத்தான் மாமியார் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போகப் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறுவோம். தருமபுரி வரைக்கும் ஜன்னல் சீட்டை எனக்கே விடுவார், எனக்கு வாந்தி வரும் என்று. அதையும் நான் எழுதத்தானே வேண்டும்.

இரண்டாம் வருஷத்தில் ஓர் அசைன்மென்ட். படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும். அவர் பெயர், ஊர், இன்னார் என்று தெரியும்படி எதுவும் வரக்கூடாது என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. வகுப்பில் பலரும், "யாரு போயி கேக்கறது, வூட்லயே உக்காந்து எழுதிட வேண்டியதுதான்" என்று சிரித்தார்கள். எனக்கு அதற்குத் தைரியமில்லை. பொம்மிடியில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய் அம்மா எதிரில் நோட்டோடு உட்கார்ந்தேன்.

அம்மாவுக்குப் பத்தாவது படிக்கும்போது கல்யாணமாகிவிட்டது. பரீட்சை எழுதட்டும் என்று பள்ளியிலிருந்து ஹால் டிக்கெட்டைப் புகுந்த வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்களாம். தாத்தா அதை அடுப்பில் போட்டுவிட்டார் என்று கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அதற்காக அப்பா தன் அப்பாவிடம் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "அத அடுப்புல போட்டது நாந்தான்."

நான் எழுதுவதை நிறுத்தினேன்.

"கணக்குல பெயிலாயிடுவனோன்னு பயம். பெயிலானா இந்த வூட்ல சிரிப்பாங்க. பழி உங்க தாத்தா மேல போச்சு, நானும் வாய மூடிக்கிட்டேன். எழுதிக்க. எம் பேரு மட்டும் எங்கியும் வரக்கூடாது. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னால அவரு மொகத்துல முழிக்க முடியாது."

"வராதும்மா."

எட்டுப் பக்கம் வந்தது. அம்மாவின் பேச்சை மாற்றாமல் அப்படியே எழுதினேன்.

சமர்ப்பிக்க வேண்டிய வாரம் மகளுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை பார்க்க வந்த டீச்சரிடமே எட்டுப் பக்கத்தையும் கொடுத்தேன். "நான் சேத்துக் குடுத்துடறேன், நீ புள்ளயப் பாரு" என்றார். எத்தனை நல்லவர் என்று மாமியாரிடம் சொன்னேன்.

அடுத்த வகுப்பில் பாடம் எடுக்கும் மேடம் ஓர் அசைன்மென்டை எடுத்து, "உண்மையான கள ஆய்வுன்னா இதுதான்" என்று வாசிக்க ஆரம்பித்தார். அத அடுப்புல போட்டது நாந்தான். அம்மாவின் குரலே கேட்டது. வாசித்து முடித்துவிட்டு டீச்சரின் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு என்னை எழுப்பினார்.

"நீங்க இதப் பாத்து வரிக்கு வரி எழுதியிருக்கீங்க. ஏம்மா?"

"என்னோடதுதாங்க மேடம் அது."

"அப்படியா? அந்தம்மா யாரு, உங்களுக்கு என்ன வேணும்? பேரு வேணாம், அத மட்டும் சொல்லுங்க."

முன் பெஞ்சில் அப்பாவின் பங்காளி வீட்டு மருமகள் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் மறுநாளே பொம்மிடிக்குப் போய்விடும். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேடம் டீச்சரைப் பார்த்தார். அவர் தடுமாறாமல் சொன்னார்: "எங்க சென்டருக்கு வர்ற ஒரு புள்ளயோட பாட்டிங்க மேடம்."

அந்தப் பிள்ளை என் மகள்.

பஸ்ஸில் அன்றும் ஜன்னல் சீட்டை விட்டார். பஸ் பென்னாகரம் ரோட்டில் திரும்பியதும் அவரே ஆரம்பித்தார். "கோச்சுக்காத புள்ள. எனக்கு ரிப்போர்ட்டு, சத்துமாவுக் கணக்குன்னு நேரமே இல்ல. பாத்து நாலு வரி மாத்தி எழுதலாம்னுதான் எடுத்தேன். எத மாத்தறதுன்னே தெரியல, அவ்ளோ நல்லா இருந்துச்சு."

"பாட்டின்னு ஏங்க்கா சொன்னீங்க?"

"வாய்க்கு வந்தது. நீ எல்லாரையும் மாதிரி கற்பனையாத்தான எழுதியிருப்ப? பேரே இல்லாத பொம்பள, அவளுக்கு என்ன நஷ்டம்?" என் முகத்தைப் பார்த்தார். "இல்ல, நெசமாவா?"

தெரிந்துதான் கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் அம்மாவின் ரகசியம் அவர் கையில் இருக்கும். சண்டை போட்டால், காலையில் என் மகளை யாரிடம் விடுவேன்?

"இல்லக்கா. கற்பனைதான்."

"அதான பாத்தேன்" என்று சொல்லி என் தொடையில் தட்டினார்.

மேடம் ஒரு வாரத்தில் வேறு பேட்டி கேட்டிருந்தார். யாரிடமும் போய்க் கேட்க மனம் வரவில்லை. சமையல் மேடையில் நோட்டை வைத்து, இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். அதற்கு பாஸ் போட்டுவிட்டார்கள். அம்மாவின் பேச்சுக்கும் இதே கையெழுத்துதானே, அப்போது என்னை ஏன் நம்பவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அன்றைக்கே எழுந்து, அது என் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் தோன்றும். சொல்லியிருந்தால், என் பெயருக்காக அம்மாவைக் காட்டிக்கொடுத்த நானும் டீச்சரும் ஒன்றுதான் என்றும் உடனே தோன்றும்.

அம்மா போன் செய்தார். "நான் சொன்னத எழுதுனியே, டீச்சருங்க என்ன சொன்னாங்க?"

"கிளாஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாங்கம்மா. கை தட்டுனாங்க."

அம்மா சிரித்ததைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "எம் பேரு வரலையே?"

"வரலம்மா."

"உம் பேரச் சொன்னாங்களா?"

"பாப்பா அழறா, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

பாப்பா அழவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டைக் கை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தாள்.