கவுன்சிலரின் கணவர்

எங்கள் அண்ணன் சேலையூரில் பிறந்து, அங்கேயே கடை வைத்து, அங்கேயே எங்களை விட்டுப் போனார். நடுவில் ஒரு தேர்தல் வந்தது. அண்ணனின் பொறுமையையும் பக்தியையும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். தேர்தலை நான் எழுதுகிறேன். நான் அவருடைய தங்கை. வாய் நீளம் என்று வீட்டில் பேர் வாங்கியவள். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பயிர் வைத்த நிலமெல்லாம் மனைகளான பிறகு, கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை போட்டு எங்களைக் கரையேற்றியவர் அண்ணன். கவுன்சிலருக்கு நிற்கச் சொல்லி எல்லோரும் அவரை அரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

"அதனால இன்னாண்ணா? அண்ணிய நிக்க வையி. பேரு அவங்களுது, வேலை உன்னுது" என்றார்கள் தெருக்காரர்கள். ஊரில் நடக்காததா? நானும் ஆமாம் போட்டேன்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! "தெருவுல சாக்கடை ஓடறப்ப ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனது அவதான், நானில்ல. நின்னா அவதான் கவுன்சிலர். பொம்மையா நிக்கறதுக்கு நிக்கவே வேணாம்" என்றார்.

அண்ணி சுயேச்சையாக நின்றார். சின்னம், தண்ணீர்க் குழாய். பையன்கள் ஆசையாக ஒரு பேனர் அடித்து வந்தார்கள். அதில் அண்ணன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுச் சிரிக்கிறார். வேட்பாளரான அண்ணி மூலையில் பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு இருக்கிறார். அண்ணன் அதைக் கழற்றிக் கடையில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் போர்த்திவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க பேனர் அண்ணன் மூட்டை மேல் படுத்தபடி வாடிக்கையாளர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிரசாரத்தில் அவர் வேலை, கடையிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்து வந்து தூக்கிப் பிடித்தபடி அண்ணிக்குப் பின்னால் நடப்பது. "ஜெயிச்சா தண்ணி வருமாண்ணா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"கவுன்சிலரைக் கேளும்மா. நான் அவங்க வீட்டுக்காரர்" என்றார். ஓட்டுப்பதிவே நடக்கவில்லை, அதற்குள்!

அண்ணி ஜெயித்தார். மனுக்களோ கடைக்கு வந்தன. அண்ணன் ஒரு போர்டு மாட்டினார்: "கவுன்சிலர் வீட்டில் இருக்கிறார். இங்கே ஆணி, குழாய், பெயிண்ட் மட்டும்." வீட்டுக்குப் போனால் அண்ணி மனுவை வாங்கிப் படிப்பார். அண்ணன் இஞ்சி தட்டிப் போட்ட டீயோடு வருவார். ஒரு காண்டிராக்டர் டீயை வாங்கிக்கொண்டு, "நாம தனியா பேசிக்கலாம் சார்" என்று குழைந்தார். "சர்க்கரை போதுமான்னு மட்டும் என்கிட்ட பேசுங்க" என்றார் அண்ணன். கடை முதலாளி டீ ஆத்துவதா என்று எனக்கு மானமே போயிற்று.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அண்ணியை மன்றக் கூட்டத்துக்கு விரட்டினார். "என் மூஞ்சியையே பாத்துகினு இருந்தா டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்களா? கிளம்பு." கூட்டம் முடிந்து வந்த அண்ணி, எங்கள் தெருவுக்கு மூடிய கால்வாய் போட ஒப்புதல் வாங்கிவிட்டதைச் சொன்னார். "அப்ப சரி" என்றார் அண்ணன். மறுநாள் போய்விட்டார்.

தெருமுனையில் அஞ்சலி பேனர் வைத்தார்கள். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் "கவுன்சிலரின் கணவர்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய மனுஷனுக்கு இதுதானா பட்டம் என்று கத்தினேன். அழுதுகொண்டிருந்த அண்ணி என் கையைப் பிடித்தார். "அத எடுக்கச் சொல்லாதம்மா. தன்னைப் பத்தி அவர் ஊர்ல பெருமையா சொல்லிக்கினது அது ஒண்ணுதான்."

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாளெல்லாம் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், கடையைப் பூட்டாமல் காத்த ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணி வீட்டுக்கு இன்றும் மனுவோடு ஆட்கள் வருகிறார்கள். இப்போது டீ போடுவது நான். போன வாரம் ஒரு பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சார் போட்டா மாதிரி இல்லியேம்மா" என்றார். வாய் நீளமான நான் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய், இன்னொரு துண்டு இஞ்சி தட்டினேன்.